வலது பக்கத்து ஸ்பீக்கர்

காது விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கச்சேரியில் தம்புரா ஒரு மயிரிழை இறங்கினாலும் எனக்குத் தெரிந்துவிடும் என்று நாற்பது வருஷமாகச் சொல்லி வருகிறேன். மறுக்க யாரும் துணிந்ததில்லை. ஆகவே பிள்ளை ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் வாங்கி அனுப்பியபோது, அவற்றைச் சுருதி சேர்க்கும் பொறுப்பை நானே ஏற்றுக்கொண்டேன். ஆம்ப்ளிஃபயரோடு அளவெடுக்கும் மைக் ஒன்றும் வந்திருந்தது. இயந்திரமா எனக்குக் காது இரவல் கொடுப்பது? அதை அலமாரியில் போட்டுவிட்டேன்.

முதல் கூத்து சப்வூஃபர். மூலையில் வைத்தால் குமுறுகிறது. இரண்டடி நகர்த்தினால் பாதி ஒலியைக் காணோம். சுவரில் பட்டுத் திரும்பும் அலைகள் ஓரிடத்தில் கூடிக்கொள்வதும் இன்னோரிடத்தில் ஒன்றையொன்று தின்றுவிடுவதும்தான் காரணம். இதற்கு ஒரு யுக்தி உண்டு. நாம் உட்காரும் நாற்காலியில் சப்வூஃபரை உட்கார்த்திவிட்டு, நாம் தரையில் தவழ வேண்டும். எங்கே ஒலி சீராகக் கேட்கிறதோ அங்கே அதை வைக்க வேண்டும். தவழ்ந்தேன். காப்பியோடு வந்த என் மனைவி, நாற்காலியில் வீற்றிருந்த கறுப்புப் பெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"காப்பி யாருக்கு?" என்று கேட்டாள்.

மற்ற ஐந்தையும் காதாலேயே சரி செய்தேன். ஒரு மாதம் சுகமாகப் படம் பார்த்தேன். அவளுக்குத்தான் திருப்தி இல்லை. "வலது பக்கம் இரைகிறது" என்பாள். "உனக்குப் பழக்கம் போதாது" என்பேன். பிறகு அவள் படம் பார்க்க வருவதையே நிறுத்திவிட்டாள். தனியாகப் பார்க்கும் படத்தில் என்ன ருசி இருக்கிறது?

அவள் சொன்னது தப்பு என்று நிரூபிப்பதற்காகத்தான் மைக்கை வெளியே எடுத்தேன். மின்விசிறியை நிறுத்தி, உட்காருகிற இடத்தில் காது உயரத்துக்கு அதை நிறுத்தினேன். ஒவ்வொரு ஸ்பீக்கராகக் கூவிற்று. ஒலி ஒரு வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 3 மில்லிவினாடி. அந்தக் கணக்குப்படி, அருகில் இருப்பதைச் சற்றுக் காக்க வைத்து, தூரத்தில் இருப்பதோடு சேர்த்துவிடுகிறது இயந்திரம். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் முடிவு? வலது ஸ்பீக்கருக்கு நான் 6 டெசிபல் அதிகம் கொடுத்திருந்தேனாம். ஒலியழுத்தத்தில் அது இரு மடங்கு.

நம்பவில்லை. இடது ஸ்பீக்கரையும் வலது ஸ்பீக்கரையும் இடம் மாற்றினேன். அப்போதும் வலப்பக்கமே மந்தம். கடைசியில் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, திரைக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன். இத்தனை நேரம் கணீரென்று கேட்ட ஸ்பீக்கர் இப்போது என் வலது காதுப் பக்கம் வந்துவிட்டது. அதுவும் மந்தமாயிற்று.

அப்படியே கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இயந்திரம் சொன்ன அளவையே வைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டேன். வந்தாள், வழக்கம்போல் என் வலப்பக்கம் உட்கார்ந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அதுதான் அவள் இடம். "இப்போது நன்றாயிருக்கிறதே! என்ன செய்தீர்கள்?" என்றாள்.

காது டாக்டரிடம் வெள்ளிக்கிழமை போக வேண்டும் என்பதை நான் இன்னும் சொல்லவில்லை. எழுந்து, அவளைச் சுற்றிக்கொண்டு போய் மறுபக்கம் உட்கார்ந்தேன்.