தொண்டை சரியில்லை

2024 ஜனவரியில் 'லால் சலாம்' படத்தின் 'திமிரி எழுடா' பாட்டைப் பற்றி, சித்தியவானில் என் அறையில் உட்கார்ந்துகொண்டு, முகம் தெரியாத ஒருவரிடம் இரவு இரண்டு மணிவரை சண்டை போட்டேன். மறுநாள் வேலை இருந்தது. என்றாலும் விட மனமில்லை.

அந்தப் பாட்டில் ஒலிக்கும் குரல்களில் இரண்டின் சொந்தக்காரர்கள் உயிரோடு இல்லை. சாகுல் ஹமீது 1997இல் விபத்தில் இறந்தவர். பம்பா பாக்யா 2022இல் போனார். இருவர் குரலையும் செயற்கை நுண்ணறிவின் உதவியோடு ஏ.ஆர். ரஹ்மான் திரும்பக் கொண்டுவந்திருந்தார். குடும்பத்தாரிடம் அனுமதி கேட்டு, உரிய பணமும் கொடுத்தாயிற்று என்று அவரே அறிவித்தார். அதே வருடம் எஸ்.பி.பி.யின் குரலை அனுமதியில்லாமல் பயன்படுத்தியதாக 'கீடா கோலா' என்ற தெலுங்குப் படக்குழுவுக்கு அவர் குடும்பத்திலிருந்து வக்கீல் நோட்டீஸ் போன செய்தியும் வந்தது. ஆக, கேட்டுச் செய்தால் சரி, கேட்காமல் செய்தால் தப்பு. பெரும்பாலானவர்கள் அங்கேயே நின்றுவிட்டார்கள்.

எனக்கு அது போதவில்லை. "செத்தவர் கலையில் கை வைக்க உயிரோடு இருப்பவர்களுக்கு உரிமை இல்லை" என்று எழுதினேன். அந்த மனிதர் உடனே கேட்டார். "நீங்க சாகுல் ஹமீது பாட்ட முதல்ல எதுல கேட்டீங்க?"

பாசார் மாலாமில் வாங்கிய கேசட்டில். யாரோ ஒருவர் வீட்டில் பதிவெடுத்து, அட்டையை ஜெராக்ஸ் போட்டு விற்றது. பாடகருக்கு அதிலிருந்து ஒரு காசு போயிருக்காது. தோட்டத்தில் எல்லார் வீட்டிலும் அப்படித்தான். நான் உண்மையைச் சொன்னேன். அவர் ஒரு சிரிப்புப் பொம்மை அனுப்பினார். "அப்ப தொழில்நுட்பம் நல்லதா இருந்துச்சு, இப்பக் கெட்டுப்போச்சா?"

பதில் வரவில்லை எனக்கு. பேச்சை மாற்ற எங்கள் ஊர்ப் பெயர்க் கதையைச் சொன்னேன். ஒரு யானை சேற்றில் மாட்டிக்கொண்டது, கூட வந்த யானை அதை விட்டுப் போகாமல் பக்கத்திலேயே நின்றது, அதனால் 'செத்தியா காவான்', விசுவாசமுள்ள நண்பன், அது மருவி சித்தியவான் ஆனது என்பார்கள். அவர் விடவில்லை. "அந்த ரெண்டாவது யானதாங்க இந்தத் தொழில்நுட்பம். நீங்க விட்டுட்டுப் போகச் சொல்றீங்க."

கணினியை மூடிவிட்டுப் படுத்தேன். தூக்கம் வரவில்லை.

உண்மையில் நான் சாகுல் ஹமீதுக்காகச் சண்டை போடவில்லை. 'திருடா திருடா' படத்தின் 'ராசாத்தி' பாட்டை என் அப்பா பாடுவார். வாத்தியக் கருவிகள் இல்லாமல் மனிதக் குரல்களை வைத்தே செய்த பாட்டு அது. தோட்டத்து மண்டபத்தில் மின்சாரம் போனாலும் பாடலாம் என்று சிரிப்பார். காலையில் பால்மரம் வெட்டுவார், கோயில் திருவிழா என்றால் இரவில் உறுமி மேளக்காரர்களோடு நின்று பாடுவார். பிறகு பால்மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள். லயத்து வீட்டைக் காலிசெய்து நாங்கள் தாமானுக்கு வந்தோம். அப்பா 2021இல் இறந்தார். அவர் பாடியது எதுவும் எங்களிடம் பதிவாக இல்லை. புலனத்தில் அனுப்பிய குரல்பதிவுகள் சில இருக்கின்றன. "வரும்போது கொம்பியா வாங்கிட்டு வா, வெங்காயம் வச்சது" என்பது அவற்றில் ஒன்று.

தம்பிக்கு அது போதுமாக இருந்தது. அந்த வருடம் ஜூனில், மறைந்த பவதாரிணியின் குரலை அவர் தம்பி யுவன் 'கோட்' படத்துப் பாட்டில் கொண்டுவந்தபோது, எங்கள் வீட்டிலும் பேச்சு ஆரம்பித்தது. "சொந்தத் தம்பியே செஞ்சிருக்காரு. நாம செஞ்சா என்னக்கா?" இதில் பெரும்பாலும் வேறொருவர் பாட வேண்டும், அந்தப் பாட்டின்மேல் கணினி இறந்தவரின் குரல்நிறத்தை ஏற்றும் என்று அவன்தான் எனக்கு விளக்கினான். 'ராசாத்தி'யை அவனே பாடினான். அப்பாவின் குரல்பதிவுகளைக் கொடுத்தான். நான் வேண்டாம் என்றேன். அந்நியர்களிடம் எழுதிய வாதங்களையெல்லாம் அவனிடமும் சொன்னேன். அம்மா குறுக்கிட்டார். "ஒரு தடவ கேட்டுட்டுப் போறேனே. ஒனக்கு என்ன போச்சு?"

திவசத்தன்று படையல் முடிந்ததும் தம்பி போட்டான். அப்பாவின் குரல்தான். எனக்கு உடம்பு நடுங்கியது. அம்மா கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் சொன்னார்: "அவர் மாதிரியேதான் இருக்கு. இழுக்கிற எடத்துல மட்டும் நீ மூச்சு விடற மாதிரி இருக்குடா." கொஞ்சம் பொறுத்து, "ஆனா அவரு இன்னிக்கிப் பாடமாட்டாரே" என்றார்.

உண்மை. பாட்டியின் திவசத்தன்று அப்பா வானொலியைக்கூடத் திறக்கவிடமாட்டார். அம்மா அப்படிச் சொன்னதும் இன்னொன்றும் ஞாபகம் வந்தது. 2008 பொதுத்தேர்தல் நேரம். ஒரு கட்சிக்காரர் வீடு தேடி வந்து, மேடையில் இரண்டு பாட்டுப் பாடினால் இருநூறு வெள்ளி என்றார். அப்போது எங்களுக்கு அது பெரிய காசு. அப்பா தொண்டையைத் தடவிக்கொண்டு, "தொண்ட சரியில்லங்க" என்றார். அன்றிரவே கோயிலில் விடிய விடியப் பாடினார். மறுநாள் அந்தக் கட்சிக்காரர் எதிரில் வந்தபோது, எதுவுமே நடக்காததுபோல் அவரிடம் தேநீர் வாங்கிக் குடித்தார்.

அந்த மனிதரிடம் சொல்லத் தெரியாமல் விட்ட பதில் இதுதான் என்று தோன்றியது. கேசட்டைக் களவாக விற்றவன், சாகுல் ஹமீது பாடியதைத் திருடினான். பாடாததைப் பாடவைக்க அவனால் முடியாது. எதைப் பாடுவது என்பது எவ்வளவு கலையோ, எதைப் பாடமாட்டேன் என்பதும் அவ்வளவு கலை. உயிரோடிருக்கும் பாடகரால் மறுக்க முடியும். அரிஜித் சிங் அதே 2024இல் பம்பாய் உயர்நீதிமன்றம்வரை போய், தன் குரலைப் போலிசெய்யும் கருவிகளுக்குத் தடை வாங்கினார். செத்தவரின் குடும்பம் 'சரி' சொல்லலாம், 'வேண்டாம்' என்றும் சொல்லலாம். ஆனால் "தொண்டை சரியில்லை" என்று அவர் மட்டும்தான் சொல்ல முடியும். தம்பி செய்த அப்பாவுக்குத் தொண்டை கட்டவே கட்டாது.

இதை அந்த மனிதருக்கு எழுதினேன். ஆறு மாதம் கழித்து வந்த பதில் என்பதால் அவருக்கு முதலில் புரியவில்லை. பிறகு எழுதினார்: "நல்ல வாதம்தான். அம்மா அதுக்கப்புறம் அந்தப் பாட்டக் கேட்டாங்களா?"

நான் இன்னும் பதில் அனுப்பவில்லை. திவசத்தன்றே தன் கைப்பேசிக்கு அதை அனுப்பச் சொல்லி அம்மா தம்பியிடம் கேட்டிருக்கிறார். சில மதியங்களில் சமையலறையிலிருந்து மெல்லிய சத்தத்தில் கேட்கும். நான் போகும்போது நிறுத்திவிடுவார். இப்போதெல்லாம் கேட்டால் நான் உள்ளே போவதில்லை. கூடத்திலேயே நின்று, பாட்டு முடியட்டும் என்று காத்திருக்கிறேன்.