ஓராண்டு நிறையட்டும் என்று காத்திருந்தேன்



மதரஸா ஆசிரியருக்குப் பங்குச் சந்தையில் என்ன வேலை என்று சிலர் புருவம் உயர்த்தக்கூடும். பாடம் நடத்த வரவில்லை, பட்டதைச் சொல்கிறேன். எப்போது வாங்கலாம், எப்போது விற்றால் வரி குறையும் என்ற பேச்சு இன்று நம் வீட்டுப் பிள்ளைகளிடம் மட்டுமின்றி, தொழுகை முடிந்து வெளியே வரும் பெரியவர்களிடமும் கேட்கிறது. என் அனுபவம் அவர்களில் ஒருவருக்கேனும் பயன்படலாம்.

2024 மார்ச் 7 அன்று, ரமளான் பிறக்க ஐந்து நாட்கள் இருந்தபோது, மென்பொருள் நிறுவனம் ஒன்றின் 200 பங்குகளை வாங்கினேன். பங்கு ஒன்று 1,600 ரூபாய், மொத்தம் 3,20,000. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அது. வங்கியில் வைப்பாகப் போட்டால் வட்டி. பெட்டியில் பூட்டி வைத்தால் விலைவாசி தின்றுவிடும். சென்னையில் மென்பொருள் துறையில் பணியாற்றும் என் மைத்துனர்தான் இந்த வழியைச் சொன்னார்.

ஆகுமா ஆகாதா என்பதை நானே பார்த்துக்கொண்டேன். நிறுவனத்தின் வட்டிக் கடன் அதன் சந்தை மதிப்பில் 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது, ஆகாத வருமானம் மொத்த வருமானத்தில் 5 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது இஸ்லாமிய நிதித்துறையில் பரவலாகக் கொள்ளப்படும் அளவுகோல். நம் நாட்டுப் பெரிய மென்பொருள் நிறுவனங்கள் பெரும்பாலும் கடன் சுமை குறைந்தவை என்பதால் இதில் சிரமம் இருக்கவில்லை. காலையில் வாங்கி மாலையில் விற்கும் வணிகத்தின் பக்கம் நான் போகவில்லை. கைக்கு வந்து சேராத பொருளை விற்பதை நம் ஃபிக்ஹு நூல்கள் தடுப்பதை மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு, நானே அதைச் செய்ய முடியாதல்லவா?

அவ்வாண்டு டிசம்பர் நடுவில் பங்கின் விலை 1,980ஐத் தொட்டது. கணக்குப்படி 76,000 ரூபாய் இலாபம். “கட்டணத்துக்கு இது போதுமே, விற்றுவிடுங்கள்” என்றார் என் மனைவி. நான் மறுத்தேன். வாங்கிப் பன்னிரண்டு மாதங்கள் கடக்குமுன் விற்றால் அது குறுகிய கால இலாபம். 2024 ஜூலை 23 முதல் அதற்கான வரி 15 விழுக்காட்டிலிருந்து 20 ஆக உயர்ந்துவிட்டது. அதன்மேல் 4 விழுக்காடு கூடுதல் தீர்வையும் சேர்த்தால் 15,808 ரூபாய். பன்னிரண்டு மாதம் கடந்துவிட்டாலோ அது நீண்ட கால இலாபம். ஆண்டுக்கு 1,25,000 வரை வரியே இல்லை, அதற்கு மேற்பட்ட தொகைக்கு மட்டும் 12.5 விழுக்காடு. இன்னும் மூன்று மாதம் பொறுத்தால் பதினையாயிரம் மிச்சம் என்று வீட்டில் பெருமையாக விளக்கினேன்.

பிப்ரவரியில் சந்தை சரியத் தொடங்கியது. நம் மென்பொருள் நிறுவனங்களின் வருவாயில் பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து வருகிறது. அங்கே பொருளாதாரம் மந்தமாகும் என்ற அச்சம் எழுந்தாலே இங்கே பங்குகள் இறங்கிவிடும். நாளும் ஃபஜ்ருத் தொழுகைக்குப் பிறகு அலைபேசியைத் திறந்து அமெரிக்கச் சந்தை எப்படி முடிந்தது என்று பார்க்கும் வழக்கம் எனக்கு வந்துவிட்டது. திக்ர் செய்ய வேண்டிய நேரம் அது. பங்கு இறங்கியதைவிட இதைச் சொல்லவே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

2025 மார்ச் 2 அன்று ரமளான் பிறந்தது. என் ஜகாத் கணக்கு ரமளான் முதல் பிறையில்தான். விற்று இலாபம் காணும் எண்ணத்துடன் வாங்கிய பங்கு வணிகப் பொருள். அன்றைய சந்தை மதிப்பில் நாற்பதில் ஒரு பங்கு ஜகாத். மதிப்பு 3,38,000; ஜகாத் 8,450. சந்திர ஆண்டு சூரிய ஆண்டைவிடப் பதினொரு நாள் குறைவு. எனவே அல்லாஹ்வுக்குரிய ஆண்டு முன்னதாக நிறைந்தது. அரசுக்குரிய ஆண்டு நிறைய இன்னும் சில நாட்கள் இருந்தன. ஜகாத்தைத் தவிர்க்கத் தந்திரம் செய்வோர் பற்றி ஸஹீஹுல் புகாரியில் வரும் பாடத்தை நான் பலமுறை நடத்தியிருக்கிறேன். வரிக்காக நாள் பார்த்துக் காத்திருப்பதை நான் அத்துடன் சேர்க்கமாட்டேன். அந்தச் சலுகையைச் சட்டமே தருகிறது; அதில் ஒளிவு மறைவு எதுவும் இல்லை. என் தவறு வேறிடத்தில் இருந்தது.

மார்ச் 12 அன்று 1,580க்கு விற்றேன். கைக்கு வந்தது 3,16,000. பதினையாயிரத்தைக் காப்பாற்றப் போய் எழுபத்தாறாயிரத்தையும் இழந்து, முதலிலும் நாலாயிரம் குறைந்தது.

கதை இத்துடன் முடிந்திருந்தால் கத்ர் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டிருப்பேன். வருமான வரிப் படிவம் தாக்கல் செய்யும் காலத்தில் எங்கள் ஊர் ஆடிட்டரிடம் போனேன். கணக்கைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: “ஹஸ்ரத், டிசம்பரிலேயே விற்றிருந்தால் உங்களுக்கு எவ்வளவு வரி வந்திருக்கும் என்று நினைத்தீர்கள்?” பதினையாயிரம் என்றேன். அவர் தாளை எடுத்தார். என் ஆண்டுச் சம்பளம் 2,40,000. அதில் நிலைக் கழிவு 75,000 போக மீதி 1,65,000. புதிய முறையில் அவ்வாண்டுக்கான அடிப்படை வரிவிலக்கு 3,00,000. இந்தியாவில் வசிக்கும் தனிநபருக்கு, அந்த வரம்பில் நிரம்பாமல் எஞ்சும் தொகையைப் பங்கு இலாபத்திலிருந்து கழித்துக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது. எனக்கு எஞ்சியிருந்தது 1,35,000. இலாபமோ 76,000. வரி ஒன்றுமே இல்லை!

இல்லாத வரிக்கு அஞ்சித்தான் மூன்று மாதம் காத்திருந்திருக்கிறேன். அதிகச் சம்பளம் வாங்கும் மைத்துனருக்குப் பொருந்தும் கணக்கை, கேட்காமலே எனக்கும் பொருத்திக்கொண்டேன். ஒரு மஸ்அலாவுக்குக்கூட விவரம் அறிந்தவரிடம் கேட்டுச் செயல்படுங்கள் என்று மாணவர்களிடம் சொல்பவன் நான். ஆடிட்டரின் வாசலுக்கு ஆறு மாதம் முன்னதாகப் போகத் தோன்றவில்லை.

நட்டத்தையும் படிவத்தில் காட்டச் சொன்னார். உரிய நாளுக்குள் தாக்கல் செய்தால் எட்டு ஆண்டுகள் வரை எடுத்துச் செல்லலாமாம். அதிலும் ஒரு முள். பன்னிரண்டு மாதம் கடந்து விற்றதால் இது நீண்ட கால நட்டம். நீண்ட கால இலாபத்தில் மட்டுமே கழியும். முன்பே விற்று நட்டப்பட்டிருந்தால் இருவகை இலாபத்திலும் கழித்திருக்கலாம்.

கட்டணத்தில் குறைந்த 60,000 ரூபாயை மைத்துனர் கர்ழுன் ஹஸனாவாகக் கொடுத்தார். மாதம் மூவாயிரமாகத் திருப்பிச் செலுத்தி வருகிறேன். மகள் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருக்கிறாள், அல்ஹம்துலில்லாஹ். என் மனைவி இதுவரை ஒரு சொல்லும் சொல்லவில்லை.