ஏ.ஆர். காப்பி

கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர்கள் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "காஷுவாலிட்டி டாக்டரா நீங்க? ரத்தத்தைப் பார்த்தா பயமா இருக்காதா?" (சரியாக ரசம் ஊற்றும்போதுதான் கேட்பார்கள்!)

இருக்காது. ரத்தம் ஒருவகையில் ரொம்ப சாது. வருகிற இடத்தில் துணியை வைத்து அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். எலும்பு உடைந்தால் அசையாமல் கட்டலாம். மூச்சு நின்றால் குழாய் போடலாம். இதற்கெல்லாம் ஆள் பஞ்சமே கிடையாது. புதுசாக வந்த பயிற்சி டாக்டர்கள், "நான் தையல் போடறேன் மேடம்" என்று போட்டி போடுவார்கள். அதே பிள்ளைகளிடம், "ஏ.ஆர். யாருப்பா எழுதறது?" என்று கேட்டுப் பாருங்கள். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் டீ தாகம் எடுத்துவிடும்.

ஏ.ஆர். என்றால் ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர். விபத்து, அடிதடி, விஷம், தீக்காயம் என்று எது வந்தாலும் அதில் பதிய வேண்டும். அதன் நகல்தான் ஏ.ஆர். காப்பி. போலீஸ் ஸ்டேஷனும் கோர்ட்டும் இன்ஷூரன்ஸ் ஆபீஸும் ஏறி இறங்கியவர்களுக்கு இந்தக் காப்பியின் ருசி தெரியும்.

யார் கூட்டி வந்தது, எத்தனை மணிக்கு, எங்கே, எதனால் என்று வரிசையாகக் கேட்டு எழுதிவிட்டு, கடைசியாக இரண்டு அங்க அடையாளம் குறிக்க வேண்டும். தொடை எலும்பு உடைந்து அலறுகிற மனிதரிடம், "மச்சம் எங்கெங்க இருக்கு?" என்று கேட்கிற தொழில் உலகத்திலேயே எங்களுடையது மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

நல்லவேளையாக, முதலில் உயிரைக் காப்பாற்று, பேப்பர் வேலையெல்லாம் அப்புறம் என்று சுப்ரீம் கோர்ட் 1989-லேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் சொல்லிவிட்டது. 'இது போலீஸ் கேஸ், ஜி.ஹெச்.சுக்குப் போங்க' என்று எந்த ஆஸ்பத்திரியும் கைகழுவக் கூடாது. யாராவது அப்படிச் சொன்னால் நீங்கள் தைரியமாகவே கேட்கலாம்.

அடிதடி கேஸில் காயம் சாதாரணமா, கொடுங்காயமா என்றும் எழுதித்தர வேண்டும். கொடுங்காயத்துக்குச் சட்டத்தில் எட்டு வகை இருக்கிறது. எலும்பு முறிவோடு பல் முறிவும் அந்தப் பட்டியலில் உண்டு. வரப்புச் சண்டையில் வந்தவர்களுக்கு மற்ற ஏழும் தெரியாது. பல் மட்டும் நன்றாகத் தெரியும். "ஒரே ஒரு பல்லு போனதா எழுதுங்கம்மா, அவனை உள்ளே தள்ளிடலாம்" என்பார் ஒருவர். வாயைத் திறந்து பார்த்தால் பாதிப் பல் போன தீபாவளிக்கு முன்னாடியே போயிருக்கும். அடித்தவர் தரப்பும் அடுத்த பெஞ்சில் கையைப் பிடித்துக்கொண்டு அட்மிஷனுக்குக் காத்திருக்கும்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். நாலு வருஷம் கழித்து சம்மன் வரும்போதுதான் சிரிப்பு நிற்கும். அதற்குள் நாம் வேறு ஊருக்கு மாற்றலாகியிருப்போம். பஸ் பிடித்துப் போய்க் கூண்டில் ஏறினால் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பது ஒரே கேள்விதான். "கீழே விழுந்தாலும் இந்தக் காயம் ஏற்படலாம் இல்லையா மேடம்?" ஏற்படலாம். அவ்வளவுதான், இறங்கி வந்துவிடலாம்.

இரண்டாவது பேனா வேலை இன்னும் கசப்பானது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சோபாவில் சாய்ந்த மனிதரை நாலு பேர் ஆட்டோவில் போட்டு எடுத்து வருவார்கள். தொட்டவுடனே தெரிந்துவிடும், உயிர் போய் நேரமாகிவிட்டதென்று. ஆனாலும் ஈ.சி.ஜி. எடுப்போம். நேர்கோடாக ஓடும் அந்தச் சீட்டு வைத்தியத்துக்காக இல்லை. பதிவேட்டில் ஒட்டுவதற்கு, கூட வந்தவர்கள் கண்ணால் பார்ப்பதற்கு. "வயிறு அசையுதே டாக்டர்! கை சூடா இருக்கே!" என்பார் மகன். தன் கையின் சூடுதான் அது என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

இங்கே வார்த்தைகளில் ஒரு தொல்லை. 'எங்களால முடிஞ்சதைப் பார்த்தோம்', 'கஷ்டம்ங்க' என்றெல்லாம் பூசி மெழுகினால், "அப்ப மதுரைக்கு எடுத்துட்டுப் போகவா?" என்று கேட்டு வண்டி பேச ஓடிவிடுவார்கள். 'இறந்துட்டார்' என்ற சொல்லை உச்சரித்தே ஆக வேண்டும். எத்தனை வருஷமானாலும் இந்தச் சொல் மட்டும் நாக்குக்குப் பழகவில்லை.

சொன்ன அடுத்த நிமிடம் மைத்துனரோ சித்தப்பாவோ காதோரம் வருவார். "ஒரு சர்ட்டிபிகேட் மட்டும் எழுதிக் கொடுத்துடுங்க டாக்டரம்மா, அறுக்காம எடுத்துட்டுப் போயிடறோம்." வீட்டிலேயே இறந்திருந்தால், அதுவரை வைத்தியம் பார்த்துவந்த குடும்ப டாக்டர் காரணம் எழுதித்தர வழி இருக்கிறது. எங்களுக்கு இல்லை. உயிரோடு ஒரு நிமிடம்கூட நான் பார்க்காத மனிதர் அவர். எதனால் இறந்தார் என்று எதை வைத்து எழுதுவது? அவுட்போஸ்ட் போலீஸுக்குத் தகவல் போகும். அப்புறம் மார்ச்சுவரி. முன்பெல்லாம் பொழுது சாய்ந்தால் பிரேதப் பரிசோதனை கிடையாது, ராத்திரி முழுக்க வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். 2021 நவம்பரில் மத்திய அரசு, வசதியுள்ள ஆஸ்பத்திரிகளில் இரவிலும் செய்யலாம் என்று விதியைத் தளர்த்தியது. கொலை, சந்தேக மரணம் போன்றவற்றுக்கு மட்டும் பொதுவாக விடிய வேண்டும். நியாயமான மாற்றம். ஆனாலும் அந்த வீட்டுக்காரர்களுக்கு நான்தான் வில்லி. அடுத்த தெருவில் குடியிருந்தால், அப்புறம் அவர்கள் நம் முகத்தைப் பார்த்துப் பேச மாட்டார்கள்.

தீக்காயத்துக்கு வருகிறேன்.

நாங்கள் படித்த காலத்தில் தடயவியல் மருத்துவம் இரண்டாம் வருஷப் பாடம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வகுப்பு. பாதிப் பேர் தூங்கி வழிந்த அந்தப் பாடம்தான் காஷுவாலிட்டியில் தினமும் கூடவே நிற்கிறது. நம் நாட்டில் அவசர சிகிச்சைக்கென்று தனி எம்.டி. படிப்பு 2009-ல்தான் அங்கீகாரம் பெற்றது. அதுவரை அன்றைக்கு யாருக்கு டூட்டியோ அவர்தான் எல்லாமும்.

2003-ல் ஒரு ராத்திரி. இருபத்தாறு வயசுப் பெண். புருஷனும் மாமியாரும் கூட்டி வந்தார்கள். "ஸ்டவ் வெடிச்சிடுச்சு" என்று புருஷன் சொன்னார். 'யார் சொன்னது' என்பதையும் ஏ.ஆரில் எழுத வேண்டும், எழுதினேன். அவள் அழவில்லை. "வலிக்கலை டாக்டரம்மா, தாகமா இருக்கு" என்றாள். புருஷன் முகத்தில் கொஞ்சம் தெளிச்சி. "வலி இல்லையாம்மா, லேசான காயம்தான்போல" என்று தன் அம்மாவிடம் சொன்னதைக் கேட்டேன்.

தெரியாமலே இருந்திருக்கலாமே என்று எனக்குத் தோன்றுவது இந்த மாதிரி நேரத்தில்தான். தீ மேல்தோலைச் சுட்டால் உயிர் போகிற வலி வலிக்கும். அடித்தோலையும் தாண்டிப் போனால் வலியை எடுத்துச்செல்லும் நரம்பு முனைகளே கருகிவிடும். வலிக்கவில்லை என்பதுதான் மிக மோசமான செய்தி.

இன்னொன்றும் தானாகவே மனதில் ஓடும். ஒரு கை ஒன்பது சதவீதம், ஒரு கால் பதினெட்டு, முன்னுடம்பு பதினெட்டு, முதுகுப்பக்கம் பதினெட்டு, தலை ஒன்பது... கட்டிலை நெருங்குவதற்குள் கூட்டி முடித்துவிடுவோம். எழுபத்தைந்து. போ என்ற பிரெஞ்சு மருத்துவர் 1961-ல் சொன்ன சூத்திரம் ஒன்று உண்டு. எரிந்த சதவீதத்தோடு வயதைக் கூட்டு, நூறைத் தொட்டால் பிழைப்பது அரிது. இன்றைக்கு நல்ல தீக்காய வார்டுகளில் அந்த எல்லை எவ்வளவோ தள்ளிப்போய்விட்டது. அன்றைக்கு, அந்த ஊரில், போ சொன்னதுதான் கணக்கு. இருபத்தாறும் எழுபத்தைந்தும் நூற்றி ஒன்று.

கல்யாணமாகி எத்தனை வருஷம் என்று கேட்டேன். ஐந்து. ஏழு வருஷத்துக்குள் ஒரு பெண் இப்படி இறந்தால் ஆர்.டி.ஓ. விசாரணை உண்டு. மாஜிஸ்திரேட்டுக்குச் சொல்லி அனுப்பினோம், மரண வாக்குமூலம் வாங்க. நினைவு தெளிவாக இருக்கிறதா, பேசும் நிலையில் இருக்கிறாரா என்று டாக்டர் எழுதித்தர வேண்டும். டாக்டர் சான்று இல்லை என்பதற்காக மட்டும் வாக்குமூலம் செல்லாமல் போய்விடாது என்று சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் 2002-ல் சொல்லிவிட்டார்கள். ஆனாலும் டாக்டரை விடுவதில்லை.

மாஜிஸ்திரேட் வருவதற்குள் சலைன் ஓடியது, மார்ஃபின் கொடுத்தோம், சொந்தக்காரர்களை வெளியே அனுப்பினோம். அவள் தலைமாட்டில் குனிந்தபோது முடியில் மண்ணெண்ணெய் வாசனை. அதையும் எழுதினேன். மூக்கு சொன்னதை எழுதலாம். மனசு சொல்வதை எழுதக் கூடாது. அதுதான் விதி, சரியான விதியும்கூட.

அப்போது அவள் கேட்டாள்: "நான் பொழைச்சிடுவேனா? நெசத்தைச் சொல்லுங்க. அதை வெச்சுத்தான் நான் என்ன சொல்றதுன்னு பார்க்கணும்."

அந்த வாசகத்தை இன்றுவரை எத்தனையோ தடவை திருப்பிப் பார்த்துவிட்டேன். பிழைத்தால் அவள் ஒன்று சொல்வாள், பிழைக்காவிட்டால் வேறொன்று. வெளியே பெஞ்சில் மூணு வயசுப் பெண் குழந்தை. அப்பா ஜெயிலுக்குப் போனால் அதற்கு யார் இருக்கிறார்கள்?

சாகப்போகிறோம் என்ற நிச்சயம் இருந்தால்தான் மரண வாக்குமூலம் என்பது இங்கிலாந்தின் பழைய மரபு. சாகிறவர் பொய் சொல்ல மாட்டார் என்ற நம்பிக்கை. நம் ஊர் சாட்சியச் சட்டம் 1872-லேயே அந்த நிபந்தனையை வேண்டாமென்று விட்டுவிட்டது. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதுச் சட்டத்திலும் அப்படித்தான். ஆகவே, அவளிடம் எதையும் சொல்லச் சொல்லிச் சட்டம் என்னைக் கேட்கவில்லை. அவள் கேட்டாள். தன் உயிரைப் பற்றி நேராகக் கேட்கிறவரிடம் பொய் சொல்லும் உரிமை எனக்கு இருப்பதாக நான் நினைக்கவில்லை.

"நிலைமை மோசம்தாம்மா. கூடவே இருக்கோம்" என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டாள். "சரி" என்றாள்.

மாஜிஸ்திரேட் வந்தார். பொறுமையான மனிதர். தன்னை யாரென்று அறிமுகம் செய்துகொண்டு, யாராவது மிரட்டினார்களா, எந்த ஊர், எத்தனை குழந்தை என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அந்த அறையில் என் வேலை அவள் மூச்சையும் நினைவையும் பார்ப்பது மட்டும்தான். ஒரு வார்த்தை நான் பேசக் கூடாது.

"ஸ்டவ் வெடிச்சிடுச்சுங்க" என்றாள் அவள், தெளிவாக. "யார் மேலயும் எனக்குப் புகார் இல்லை."

கட்டைவிரல்கள் இரண்டும் வெந்திருந்ததால் இடதுகால் பெருவிரலில் மை தடவி ரேகை எடுத்தார்கள். வாக்குமூலம் முடியும்வரை முழு நினைவோடு இருந்தார் என்று எழுதி, நேரம் போட்டுக் கையெழுத்திட்டேன். அவள் என்னிடம் கேட்ட கேள்வியையும், என் பதிலையும் அப்படியே கேஸ் ஷீட்டில் எழுதினேன், அவள் வார்த்தையிலேயே. மூன்றாம் நாள் விடியற்காலை இறந்துபோனாள்.

ஆர்.டி.ஓ. என்னையும் விசாரித்தார். கேஸ் ஷீட்டை வாங்கி அந்த வரியை இரண்டு தடவை படித்தார். "இதுக்கு என்னம்மா அர்த்தம்?"

"அவங்க கேட்டதை எழுதியிருக்கேன் சார். அர்த்தம் எழுதற இடம் அதுல இல்லை" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுக் குறித்துக்கொண்டார்.

பாட்டி வந்து குழந்தையை அழைத்துப் போய்விட்டதாக வார்டு சிஸ்டர் சொன்னார். எந்தப் பாட்டி என்று நான் கேட்கவில்லை.