ஐஸ் குச்சி வைத்தியம்

எங்கள் வத்திராயிருப்பில் வெற்றிலைச் செல்லம் இல்லாத வீடு ஒரு காலத்தில் அபூர்வம். என் மாமியாருக்கும் கல்யாணமான நாளிலிருந்தே பழக்கம். வெற்றிலை, பாக்கு, ஒரு துணுக்குப் புகையிலை. 67 வயதில் இடது கன்னத்தின் உள்பக்கம் ஒரு புண் வந்தது. "சூட்டுப்புண்தான் தாயி" என்று மணத்தக்காளிக் கீரையைக் கடையச் சொன்னார்கள். மூன்று வாரமாகியும் ஆறவில்லை. மதுரையில் துளி சதையெடுத்துப் பார்த்துவிட்டு, புற்றுநோய் என்றார் டாக்டர்.

புகையிலை இல்லாமல் வெறும் பாக்குப் போட்டாலும் இது வருமாம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-லேயே தன் அறிக்கையில் சொல்லிவிட்டதாம். 'பாக்குதானே' என்கிற சகோதரிகள் கவனிக்க!

கன்னத்தையும் தாடையில் ஒரு துண்டையும் எடுத்துவிட்டு, மார்புச் சதையைத் திருப்பி வைத்துத் தைத்தார்கள். பிறகு ஆறு வாரம் கரண்ட் வைத்தார்கள். அதெல்லாம் டாக்டர்கள் பாடு. வீட்டுக்கு வந்தபின்தான் நம் பாடு.

மூக்குக் குழாயை எடுத்ததும் நீர்க்கக் கரைத்த கேப்பைக் கூழ், பருப்புத் தண்ணீர், பாலில் மசித்த வாழைப்பழம் என்று கொடுத்தேன். மிளகாய் வாடையே கூடாது. எச்சில் வற்றிவிட்டதால் ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்குத் தண்ணீர் வேண்டும். உப்பும் சமையல் சோடாவும் கலந்த வெதுவெதுப்பான நீரில் அடிக்கடி கொப்பளிக்க வேண்டும்.

பெரிய சோதனை, வாய் திறக்காததுதான். ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பல்லிடுக்கில் வைத்துப் பழக்கச் சொன்னார்கள். குச்சி சேர்க்கிற பொறுப்பை என் மகன் ஏற்றுக்கொண்டான். பாட்டிக்காக ஐஸ் தின்று தின்று அவனுக்குச் சளியே பிடித்துவிட்டது! குச்சிகளைக் கொதிநீரில் போட்டெடுத்து, ஒன்பதில் ஆரம்பித்தோம். கண்ணில் நீர் வழிய, "போதும் விடு" என்று கையெடுத்துக் கும்பிடுவார்கள். எனக்கும் அழுகைதான். ஆனாலும் அடுத்த வேளைக்குக் குச்சியோடு போய் நிற்பேன். மூன்று மாதத்தில் பதினாறானது.

வாய் திறந்தாலும் அத்தை பேசவில்லை. உதடு கூடாததால் 'ப'வும் 'ம'வும் வராது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளறையிலேயே கிடந்தார்கள். கோயமுத்தூரிலிருந்து நாத்தனார் போன் செய்தால் தலையாட்டுவார்கள். தலையாட்டினால் போனில் தெரியுமா? பேரனுக்கு மட்டும் அந்தக் குழறல் அப்படியே புரிந்தது. அவனிடம் பேசிப் பேசித்தான் பேச்சு திரும்பியது.

போன தையில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாணம். கட்டாயப்படுத்திக் கூட்டிப் போனேன். கடைசிப் பந்தியில், சுவரோரமாக உட்கார்ந்தார்கள். நான் சாதத்தை ரசத்தில் குழையப் பிசைந்து கொடுத்தேன். பாயச வாளி எங்களைத் தாண்டிப் போயிற்று. பக்கத்திலிருந்து ஒரு குரல்: "ஏ தம்பி! இங்கே ஆயசம்!"

பையன் திரும்பி வந்து, இரண்டு கரண்டி ஊற்றினான்.