காப்பு களையும் நாள் எது?

நம் நாஞ்சில் நாட்டு ஊர்களிலிருந்து குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் தசராவுக்கு வேடம் கட்டிப் போகிறவர்கள் நிறைய. குறவன், குறத்தி, போலீஸ், குரங்கு என்று அவரவர் நேர்ச்சைப்படி கட்டுவார்கள். காளி வேடத்தை மட்டும் யாரும் லேசாக எடுப்பதில்லை. அதற்கு 41 நாள் விரதம் உண்டு. காப்புக் கட்டி, தசரா குழுவோடு வீடு வீடாகக் காணிக்கை வாங்கி, அதைக் கோயிலில் செலுத்தி, சூரசம்ஹாரம் முடிந்தபின் காப்பைக் களைவார்கள். காளியாக நின்றவர் மறுபடி கொத்தனார் வேலைக்குப் போய்விடுவார்.

பேரப்பிள்ளைகள் புதிதாக ஓர் ஆன்லைன் ஆர்பிஜி, அதாவது வேடமேற்று ஆடும் விளையாட்டு, தேடும்போது எனக்கு அந்தக் காப்புதான் நினைவுக்கு வருகிறது. கிராபிக்ஸ் எப்படி, சண்டை எப்படி, எத்தனை ஜிபி என்றெல்லாம் விசாரிக்கிறார்கள். விசாரிக்கட்டும். ஆனால் மக்கா, இதில் காப்பு களையும் நாள் எது என்றும் கேட்டுவிட்டு உள்ளே போ.

ஆன்லைன் ஆர்பிஜிக்கு முடிவு கிடையாது. நீ தூங்கினாலும் சர்வர் ஓடும். எழுந்துபோக வேண்டிய நேரத்தை ஆடுகிறவன்தான் வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு இடம் கொடுக்கிற விளையாட்டும் உண்டு, இழுத்துப் பிடிக்கிற விளையாட்டும் உண்டு.

2004இல் வந்த வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்டில் கேரக்டரைச் சத்திரத்தில் விட்டு லாக்-அவுட் செய்தால், ஓய்வெடுத்த நேரத்துக்கு ஏற்ப, திரும்பி வந்தபின் கொஞ்ச நேரம் சண்டையில் அனுபவப் புள்ளி இரட்டிப்பாக ஏறும். ஃபைனல் ஃபேன்டசி 14 என்பது 2010இல் வெளியாகித் தோற்று, மூடப்பட்டு, 2013இல் புதிதாய்ப் பிறந்த விளையாட்டு. அதைத் தூக்கி நிறுத்திய நவோகி யோஷிடா, புதுப் பகுதி வரும்போது வந்து ஆடுங்கள், முடிந்ததும் சந்தாவை நிறுத்திவிட்டு வேறு விளையாட்டுக்குப் போங்கள் என்று ரசிகர்களிடம் வெளிப்படையாகவே சொன்னவர். இப்படிச் சொல்கிற ஆளை நம்பலாம் என்பது என் எண்ணம்.

இலவசம் என்று வருவதைத்தான் கூர்ந்து பார்க்க வேண்டும். ஒருநாள் வராவிட்டால் பரிசு போச்சு என்கிற டெய்லி மிஷன், மாதம் முடிந்தால் மறைந்துபோகிற சீசன் பாஸ் எல்லாம் உன்னை எழுந்திருக்க விடாமல் வைக்கிற ஏற்பாடுகள். 2020இல் வந்த கென்ஷின் இம்பாக்ட் அழகான உலகம், மறுக்கவில்லை. ஆனால் அதன் வருமானம் ‘காச்சா’ குலுக்கலில் இருக்கிறது. அதில் ஐந்து நட்சத்திரக் கேரக்டர் விழும் அடிப்படை வாய்ப்பு 0.6 சதவீதம், அதாவது ஆயிரத்துக்கு ஆறு. 90 முறைக்குள் ஒன்று நிச்சயம் வரும். நீ ஆசைப்பட்டதே வருமென்ற உறுதி இல்லை. இதைச் சட்டம் தடுக்கும் என்று இருந்துவிடாதே. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத்தான் குறிவைத்தது. காசு கட்டி ஜெயித்தால் காசு கிடைக்கும் ஆட்டங்கள் அவை. இந்தக் குலுக்கலில் காசு திரும்பி வருவதே இல்லை. அப்பாவின் யுபிஐயை டாப்-அப்புக்குக் கேட்கும் முன் அந்த ஆறையும் ஆயிரத்தையும் அவரிடம் சொல்லிவிடு.

அடுத்தது கூட்டு. ரிச்சர்ட் பார்ட்டில் என்ற ஆங்கிலேயர் 1978இல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் நண்பரோடு சேர்ந்து இந்த வகை விளையாட்டின் மூதாதையை எழுதியவர். சாதிக்க வருகிறவர், சுற்றிப் பார்க்க வருகிறவர், பழக வருகிறவர், அடுத்தவரை அடித்து வீழ்த்த வருகிறவர் என்று ஆடுவோரை நால்வகையாக 1996இல் பிரித்துக் காட்டினார். நீ எந்த வகை என்று தெரிந்தால் தேடல் பாதி முடிந்தது. பழகத்தான் வருகிறாய் என்றால் நல்ல கில்டு, அதாவது சேர்ந்து ஆடும் குழு, உள்ள இடமாகப் பார். சர்வர் எங்கே இருக்கிறது என்றும் பார். ஐரோப்பிய சர்வரில் இரவு எட்டு மணிக்குக் கூடும் கூட்டம் நமக்கு நள்ளிரவை ஒட்டி வரும். காலையில் நாகர்கோவில் பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய பிள்ளைக்கு அது ஆகாது. சிங்கப்பூர் சர்வர் இருந்தால் அவர்களின் எட்டு மணி நமக்கு ஐந்தரை.

முதல் வாரம் காசு எதுவும் கட்டாதே. இடையில் இரண்டு நாள் வேண்டுமென்றே போகாமல் இருந்து பார். திரும்பப் போகும்போது எதையோ பறிகொடுத்த மாதிரி விளையாட்டு உன்னைத் தண்டித்தால், அதை அழித்துவிட்டு வேறொன்றைத் தேடு.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. படிப்பும் தூக்கமும் கெட்டும் பிள்ளையால் நிறுத்த முடியவில்லை என்றால் போனைப் பிடுங்கி எறிவதால் பயனில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2022 முதல் நடப்பிலுள்ள நோய்ப் பட்டியலில் இப்படி விளையாட்டை நிறுத்த முடியாத நிலையும் இடம்பெற்றிருக்கிறது. மனநல உதவிக்கான டெலி மானஸ் 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம்.