மாடஸ்டிக்கு இரண்டு முடிவு

மாடஸ்டி பிளைசி இறந்துவிட்டாளா, இல்லையா? அவளைப் படைத்த பீட்டர் ஓ'டானலே இதற்கு இரண்டு பதில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். 1996ல் வெளிவந்த 'கோப்ரா ட்ராப்' தொகுப்பின் கடைசிச் சிறுகதையில் மாடஸ்டியும் அவளது தோழன் வில்லி கார்வினும் சாகிறார்கள். ஆனால் 1963ல் லண்டன் நாளிதழ் ஒன்றில் தொடங்கிய படக்கதை 2001ல் முடிந்தபோது, இருவரும் உயிரோடுதான் விடைபெற்றார்கள்.

லண்டன் நாயகியின் சாவுக்கு ஹைதராபாத்தின் ராமச்சந்திராபுரத்தில் என்ன வேலை என்று கேட்கலாம். இங்குள்ள பி.எச்.இ.எல். தொழிற்சாலையை நம்பி வந்த தமிழ்க் குடும்பங்களில் வளர்ந்தவர்கள் நாங்கள். பள்ளியில் தெலுங்கு, இந்தி, ஆங்கிலம். எங்களைத் தமிழில் எழுத்துக்கூட்டிப் படிக்கவைத்தவை, ஊருக்குப் போய்த் திரும்புகிறவர்கள் வாங்கிவந்த காமிக்ஸ் புத்தகங்கள். 1984ல் சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழின் நாயகியே மாடஸ்டிதான். பின்னாளில் நான் தமிழில் எம்.ஏ. படித்ததற்கு விதை போட்டது சங்க இலக்கியம் அல்ல, அவள்தான்.

அதனால் இன்றும் நாலு பேர் சேர்ந்தால் வாதம் கிளம்பிவிடுகிறது. "படக்கதையில் பிறந்தவள் படக்கதையில் சாகவில்லை. சிறுகதையெல்லாம் கணக்கில் வராது" என்பது ஒரு கட்சி. "படைத்தவரே எழுதிவிட்டார், அப்புறம் என்ன அப்பீல்?" என்பது எதிர்க்கட்சி. சூப்பர்மேனை 1992ல் கொன்று மறுவருடமே எழுப்பியதைச் சொல்லி, "இவளும் வருவாள்" என்பவரும் உண்டு. அவளை எழுப்பும் உரிமை ஒருவருக்குத்தான் உண்டு என்பது என் கட்சி. அவரும் 2010ல் காலமாகிவிட்டார்.

எனக்கு உறுத்துவது வேறு. சாவைவிட மோசம், கதை பாதியில் நிற்பது. முகமூடி வீரர் மாயாவிக்குச் சாவே கிடையாது. அப்பா போனால் மகன் முகமூடியை மாட்டிக்கொள்வான். இப்போதிருப்பவர் 21வது தலைமுறை. அப்பேர்ப்பட்டவரும் 2005ல் ராணி காமிக்ஸ் நின்றபோது சத்தமில்லாமல் காணாமல் போனார். லயனே தள்ளாடி, 2012ல்தான் மீண்டெழுந்தது. 'தொடரும்' என்ற ஒற்றைச் சொல்லோடு நடுவழியில் நின்றவர்கள் நாங்கள். அடுத்த இதழ் வரவே இல்லையா, வந்தும் இந்த ஊரை எட்டவில்லையா, தெரியாது. ஆளுக்கொரு முடிவைக் கற்பனை செய்துகொண்டோம்.

போன வருடம் எங்களில் மூத்தவர் ஒருவர், ஓய்வுபெற்ற வெல்டர், நோயில் படுத்தார். ஆங்கில நாவல் அவருக்குப் பழக்கமில்லை. "அந்தக் கடைசிக் கதையைத் தமிழ்ல சொல்லேன் தம்பி" என்றார். இந்த நிலையில் சாவுக் கதையா என்று மற்றவர்கள் தடுத்தார்கள். மொழிபெயர்ப்பில் பிழைப்பு நடத்துகிறவனுக்கு எதை விழுங்கலாம் என்பதும் தெரியும். 2001 முடிவைச் சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஆனால் முடிவு தெரியாமல் போவதுதான் அவருக்கு பயம் என்று பட்டது. இரண்டு மாலை உட்கார்ந்து, வரி விடாமல் சொல்லி முடித்தேன்.

கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர் கடைசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"வில்லி பக்கத்துல இருந்தானா?"

"இருந்தான், அண்ணே."

"அப்ப சரி."