வீராம்பட்டினத்துக் குழாய் ஸ்பீக்கர்

பாண்டிச்சேரிக்குப் போகிறேன் என்று ஆபீஸில் சொல்லிப் பாருங்கள். ஆரோவில்லோ, ஆசிரமமோ யாருக்கும் ஞாபகம் வராது. "ஓஹோ...!" என்று ஒரு மாதிரி இழுத்துச் சிரிப்பார்கள். "வரும்போது நமக்கும்..." என்று கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்து ஓர் உயரம் காட்டுவார்கள். அவர்களை விட்டுத் தள்ளுங்கள். நாம் போவது வேறு சமாசாரத்துக்கு.

கடலூர் ரோட்டில் தெற்கே போய், அரியாங்குப்பம் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி இடது பக்கம் திரும்பினால் வீராம்பட்டினம். மணல், வலை, கருவாட்டு வாசனை, ஃபைபர் போட்டுகள், அவற்றின் நிழலில் சீட்டாட்டம். ஊருக்கு நடுவே செங்கழுநீர் அம்மன். வலையில் சிக்கிய மரக்கட்டையிலிருந்து வந்தவள் என்று தலபுராணம். ஆடித் தேருக்குக் கவர்னரே வந்து வடம் பிடிப்பது பிரெஞ்சுக்காரர்கள் காலத்திலிருந்து வழக்கம். பிரெஞ்சுக்காரர் போய் லெஃப்டினென்ட் கவர்னர் வந்தும் கயிறு மாறவில்லை!

என்னோடு வந்த நண்பர், தமிழ்நாட்டில் ஒரு நகராட்சி ஆபீஸில் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்ப்பவர். பதவியின் பெயர் ஐ.டி. இன்ஃப்ராஸ்ட்ரக்சர் அனலிஸ்ட். ஆபீஸில் கூப்பிடும் பெயர் 'சிஸ்டம் தம்பி'. சர்வர் படுத்துவிட்டால் தம்பி. பிரிண்டரில் பேப்பர் சிக்கினால் தம்பி. கமிஷனர் ரூமில் ஃபேன் சுற்றாவிட்டாலும் தம்பிதான். ("அதுவும் கரண்டுலதானே ஓடுது?") சர்வருக்காக வாங்கிய யூ.பி.எஸ்.ஸில் ஏழு செல்போன் சார்ஜர்கள் தொங்குகின்றனவாம். சொல்லும்போது தம்பியின் குரல் லேசாக நடுங்கியது.

"கடற்கரைக்குக் கூட்டிட்டு வந்து என்னமோ கம்ப்யூட்டர் கதைன்னீங்களே, எங்கண்ணே?"

முதலில் ஒரு வெள்ளைக்காரர் கதை. லெ ஜெந்தி என்று ஒரு பிரெஞ்சு வானியல்காரர். சூரியனுக்குக் குறுக்கே வெள்ளிக் கிரகம் போவதைப் பாண்டிச்சேரியிலிருந்து பார்ப்பதற்காக 1760-ல் கப்பல் ஏறினார். வந்து சேர்வதற்குள் இங்கிலீஷ்காரன் பாண்டியைப் பிடித்துவிட்டான். 1761 நிகழ்ச்சி ஆடும் கப்பலில் வீணாய்ப் போயிற்று. அடுத்தது 1769-ல். மனுஷர் ஊருக்குத் திரும்பாமல் எட்டு வருஷம் காத்திருந்தார். பாண்டியில் இருந்தபோது வீராம்பட்டினத்துப் பக்கம் ஆற்றங்கரையில் பழைய செங்கல் இடிபாடுகளைப் பார்த்துக் குறித்தும் வைத்தார். (அதுதான் அரிக்கமேடு. 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டி, ரோமாபுரியோடு வியாபாரம் நடந்த துறை என்று சொன்ன இடம்.) கடைசியில் 1769 ஜூன் 4 காலை வந்தது. மேகமும் வந்தது! வெள்ளி தெரியவில்லை. பாரீஸ் திரும்பினால், ஆள் செத்துவிட்டதாக முடிவு கட்டிச் சொத்தைப் பங்கு போட ஆரம்பித்திருந்தார்கள்.

நாளைக்கு வானம் எப்படி இருக்கும் என்று தெரியாததால் ஒரு விஞ்ஞானிக்கு நஷ்டம் எட்டு வருஷம். மீன்பிடிக்கிறவருக்கு இந்தக் கணக்கு இன்னும் கடுமை. விடியுமுன் இருட்டில் போட்டைத் தள்ளுகிறார். கரையில் சாதுவாக இருக்கும் கடல், உள்ளே போனபின் எழுந்தால் போவது உயிர்.

இப்போது தம்பியின் கேள்விக்கு வருவோம். 1998-ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையங்கள் தொடங்கியது. பண உதவி கனடாவிலிருந்து. வில்லியனூரில் தலைமை மையம். சுற்றுப்பட்டுக் கிராமங்களில் ஒரு ரூம், ஒரு கம்ப்யூட்டர். இடம் கிராமம் இலவசமாகத் தர வேண்டும். எந்த ஜாதிக்காரரும் தடையில்லாமல் உள்ளே வர வேண்டும். நடத்தியவர்கள் ஊரிலேயே படித்த தொண்டர்கள், பெரும்பாலும் பெண்கள். வயல்காட்டு ஊர்களில் நெல் விலை, வறுமைக்கோட்டுப் பட்டியலில் யார் பேர் இருக்கிறது, அரசாங்கத் திட்டத்துக்கு எந்த மனு என்று கேட்டார்கள். வீராம்பட்டினத்தில் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: நாளைக்கு அலை எவ்வளவு உயரம்?

பதில் இருந்த இடம் அமெரிக்கா. அந்நாட்டுக் கடற்படை தன் கப்பல்களுக்காக உலகத்துக் கடல்களின் அலை உயரத்தையும் காற்று வேகத்தையும் முன்கூட்டியே கணித்து, இன்டர்நெட்டில் போட்டுக்கொண்டிருந்தது. வங்காள விரிகுடாவும் அதில் உண்டு. நம்ம கட்டுமரத்துக்காகப் போடவில்லை. ஆனால் பார்க்கக் கூடாது என்றும் சொல்லவில்லை!

வில்லியனூரில் டெலிபோன் வழியாக அதை இறக்கினார்கள். அங்கிருந்து கிராமத்துக்கு அனுப்ப நம்பகமான போன் லைன் கிடையாது. ஆகவே போலீஸ் ஜீப்பில் கரகரக்குமே, அந்த மாதிரி வி.எச்.எஃப். ரேடியோ செட்டு. அதில் பேச்சும் போகும், கம்ப்யூட்டர் தகவலும் போகும். கரண்ட் எப்போது வரும் என்று மின்சாரத் துறைக்கே தெரியாத காலம். ஆகவே சூரிய ஒளித் தகடும் பேட்டரியும். கடைசியாக, கடலைப் பார்த்துத் திருப்பிக் கட்டிய குழாய் ஸ்பீக்கர். கல்யாண வீட்டில் காதைக் கிழிக்குமே, அதே ஜாதி.

தம்பி விரல் விட்டு எண்ணினார். "இன்டர்நெட்டு, டவுன்லோடு, ரேடியோ லிங்க்கு, பவர் பேக்கப்பு, ஸ்பீக்கர். அஞ்சு கண்ணி. நாலு சரியா இருந்து ஒண்ணு புட்டுக்கிட்டாலும் மொத்தமும் அவுட்டுண்ணே."

அதேதான். இந்தச் சங்கிலியில் மிகவும் மட்டமான, விலை குறைந்த, துருப்பிடித்த கண்ணி அந்த ஸ்பீக்கர். ஆனால் மீன்காரரின் காதில் விழுந்தது அது ஒன்றுதான். அவருக்கு மவுஸ் பிடிக்கத் தெரிய வேண்டாம். இங்கிலீஷ் வேண்டாம். வலையைச் சிக்கெடுத்துக்கொண்டே கேட்டால் போதும்.

2004 டிசம்பர் 26. சுமத்ராவில் பூமி அதிர்ந்தபோது நம்ம கடிகாரத்தில் காலை ஆறரை. நம்ம கரைக்கு அலை வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அந்த நேரத்துக்குள் உலகத்தில் எத்தனையோ கம்ப்யூட்டர்களுக்குப் பூகம்பம் தெரிந்துவிட்டது. கரையில் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் மட்டும் சுமார் 600 பேர் போனார்கள், பெரும்பாலோர் காரைக்காலில்.

வீராம்பட்டினத்துக்குத் தெற்கே அதே கரையில் நல்லவாடு என்று இன்னொரு மீனவர் ஊர். அங்கேயும் ஒரு தகவல் மையம், அங்கேயும் ஒரு ஸ்பீக்கர். அந்த ஊர் இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். செய்தியைக் கேட்டுப் பதறி வீட்டுக்குப் போன் போட்டார். மையம் பூட்டிக் கிடந்தது. ஊர்க்காரர்கள் கதவை உடைத்தார்கள். 'எல்லாரும் ஓடுங்க' என்று மைக்கில் கத்தினார்கள். வீடுகள் போயின. போட்டுகள் போயின. சுமார் 3,600 பேர் வாழ்ந்த அந்த ஊரில் ஓர் உயிர் போகவில்லை.

அன்றைக்கு அங்கே கம்ப்யூட்டர் ஒன்றும் கணிக்கவில்லை, கவனியுங்கள். தினமும் 'அலை இத்தனை அடி' என்று சொல்லிச் சொல்லி, அந்தக் குழாய் பேசினால் காது கொடுக்க வேண்டும் என்று ஊர் பழகியிருந்தது. ஸ்பீக்கரை வாங்கிவிடலாம் ஸார். இந்தப் பழக்கத்தை எந்த டெண்டரில் வாங்குவது?

இப்போது காலம் மாறிவிட்டது. அமெரிக்காவைப் பார்க்க வேண்டியதில்லை. ஹைதராபாத்தில் இந்தியப் பெருங்கடல் தகவல் மையமான 'இன்காய்ஸ்' இருக்கிறது. சுனாமி எச்சரிக்கைப் பிரிவு 2007 அக்டோபரிலிருந்து வேலை செய்கிறது. அலைக் கணிப்பு செல்போனுக்கே வருகிறது. ரொம்பச் சரி. ஆனால் கரையை விட்டுச் சில கிலோமீட்டர் போனால் சிக்னல் டாட்டா சொல்லிவிடும். 2011 டிசம்பர் 30 விடிகாலை 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை ஏறியபோது கரண்ட் கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன. நாள்கணக்கில் இருட்டு. செல்போனுக்கு எங்கே சார்ஜ் போடுவது? அந்த மாதிரி நாளில் ஒரு பேட்டரியும் ஒரு மைக்கும் மறுபடி பெரிய மனிதர்கள் ஆகிவிடும்.

புதுச்சேரியில் 10 கொம்யூன் பஞ்சாயத்துகள் இருக்கின்றன. பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன பெயர். வீராம்பட்டினம் அரியாங்குப்பம் கொம்யூனில் வருகிறது. கொம்யூனோ, நகராட்சியோ, கலெக்டர் ஆபீஸோ, சிஸ்டம் பார்க்கும் ஆளுக்கு வேலை ஒன்றுதான். மெஷின் வந்து இறங்கிய அன்றைக்கு ரிப்பன் வெட்டுவார்கள், போட்டோ பிடிப்பார்கள். அதற்கப்புறம் உப்புக்காற்றில் துருப்பிடிக்கும் ஒயரைத் துடைப்பதும், பேட்டரிக்குத் தண்ணி ஊற்றுவதும், மையத்துச் சாவி யாரிடம் இருக்கிறது என்று தெரிந்து வைத்திருப்பதும் யார் போட்டோவிலும் வராது. எல்லாம் ஒழுங்காக ஓடும்வரை அந்த ஆள் இருப்பதே யாருக்கும் தெரியாது.

உங்கள் ஆபீஸிலும் ஒரு சிஸ்டம் தம்பி இருப்பார். திங்கட்கிழமை பார்த்தால் ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். யூ.பி.எஸ்.ஸிலிருந்து உங்கள் சார்ஜரை முதலில் உருவிவிட்டு!